மாலை ஏழு மணிக் கணக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் காலையில் தேநீர் குடிக்கும் கடையில், மின்சாரம் நிற்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் என்னை நோக்கி வரும். “பக்கத்துல நெய்வேலிய வெச்சுக்கிட்டு நமக்கு ஏன் சார் கரண்ட் போகுது?” அரசு மின் நிறுவனம் ஒன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பொறியாளராக இருந்து, அதில் கடைசிப் பத்தாண்டுகளைத் திட்டப் பிரிவில் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால், அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இன்னும் இருக்கிறது என்று கடைக்காரர் நம்புகிறார். கடையில் விளக்கு அணைவதற்குப் பெரும்பாலும் தெருமுனை மின்மாற்றியோ, கம்பியில் உரசிய வேப்பங்கிளையோதான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பதிலில் யாருக்கும் நிறைவில்லை.

கேள்வி முழுக்கத் தவறானதும் அல்ல. இயற்பியல்படி பார்த்தால் நெய்வேலியில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி நம் வீட்டு விளக்கில்தான் எரிகிறது. கணக்குப்படி பார்த்தால் அது பல மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்ட சொத்து. 1962-இல் இயங்கத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தமிழ்நாட்டுக்கே வந்தது. பின்னர் வந்த 1,470 மெகாவாட் இரண்டாம் நிலையம் தென் மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவானது. முதல் நிலையம் 2020-இல் முழுவதுமாக மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப 500 மெகாவாட் அலகுகள் இரண்டைக் கொண்ட புதிய நிலையம் கட்டப்பட்டது. ஒரு நிலையத்தை மூடும் ஆண்டையும் மற்றொன்றைத் திறக்கும் ஆண்டையும் பொருத்துவது ரயில் கால அட்டவணை போடுவது போன்றது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருந்து பார்த்த எனக்கு அது முகூர்த்த நாளைக் குறித்துவிட்டுப் பெண் தேடுவது போலத்தான் தோன்றியது.

திட்டப் பிரிவுக்கு மாற்றலான புதிதில், அங்கே பெரிய வரைபடங்களும் பெரிய முடிவுகளும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். இருந்தவை கோப்புகளும், துணை மின்நிலையங்களிலிருந்து மாதந்தோறும் வரும் அளவுப் பட்டியல்களும்தான். 2012-இன் தொடக்கத்தில் எனக்குத் தரப்பட்ட முதல் பெரிய வேலை, எங்கள் பகுதியின் மின்தேவை 2022-இல் எவ்வளவாக இருக்கும் என்று மதிப்பிட்டுத் தருவது. பத்து ஆண்டுகள் முன்னதாகவே எதற்காகக் கேட்கிறார்கள் என்று அன்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அனல் நிலையமோ அணு நிலையமோ, மனத்தில் எண்ணமாகத் தோன்றிக் கம்பியில் மின்சாரமாக ஓடுவதற்கு ஏறத்தாழ அத்தனை காலம் ஆகிவிடும் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. 2002-இல் கட்டத் தொடங்கிய கூடங்குளத்தின் முதல் அலகு 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்பில், அதாவது நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையில், இணைந்தது. 2016-இல் பணி தொடங்கிய வடசென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் அலகு இணைந்தது 2024 மார்ச்சில். எனவே இன்று ஒரு நிலையத்துக்குக் கையெழுத்திடுபவர், இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை கல்லூரி முடித்து வந்து எத்தனை மணிக்குக் குளிர்சாதனத்தைப் போடுவான் என்பதற்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறார்.

அந்த ஆண்டு தமிழ்நாடு கடும் மின்வெட்டில் இருந்தது. சென்னைக்கு வெளியே ஒரே நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாமல் போன நாட்கள் உண்டு. பழைய அளவுகளைச் சரிபார்ப்பதற்காகப் பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு துணை மின்நிலையத்துக்குப் போயிருந்தேன். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகளே மீதமிருந்த ஆபரேட்டர் ஒருவர் மணிதோறும் அளவு குறிக்கும் லாக் ஷீட்டுகளை என் முன் அடுக்கி வைத்துவிட்டு, சற்றுத் தயங்கி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டையும் எடுத்து வைத்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. உள்ளே பென்சிலால் கோடு போட்ட மூன்று பத்திகள். மணி, குடுத்தது, கேட்டது என்று தலைப்பிட்டிருந்தார்.

“ஷீட்டுல இருக்கிறது நாம குடுத்தது சார். ஊரு கேட்டது இதுல இருக்கு” என்றார்.

கேட்டது எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று வினவினேன். ஊர்களுக்கு மின்சாரம் கொண்டு போகும் ஃபீடர் கம்பி ஒவ்வொன்றையும் நிறுத்துவதற்கு முன் இருந்த ஆம்பியரையும், மீண்டும் கொடுத்து அரை மணி நேரம் கழிந்த பின் இருந்த ஆம்பியரையும் எழுதி, இரண்டுக்கும் நடுவில் ஊர் எவ்வளவு இழுத்திருக்கும் என்று தன் அனுபவத்தைக் கொண்டு மதிப்பிட்டு வைத்திருந்தார். கொடுத்த உடனே ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “உடனே எழுதினா அது பொய் சார். அத்தனை மோட்டாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர்ல ஒண்ணா எழுந்துக்கும், வீட்டு இன்வெர்ட்டர் பூரா சார்ஜ் இழுக்கும். அரை மணி கழிச்சுதான் நெசம் தெரியும்.” எந்தப் பாடநூலும் எனக்கு அதை அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மாலை ஏழு மணி வரிசையில், நோட்டில் இருந்த எண் ஷீட்டில் இருந்ததைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது.

மேசையில் நான் வைத்திருந்த மதிப்பீடு, வெட்டப்பட்ட மின்சாரத்தை அடிப்படையாகக் கொண்டு அதன் மேல் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று கோடு நீட்டியது. பட்டினி கிடந்தவன் சாப்பிட்ட அளவை வைத்து அவனுக்கு எதிர்காலத்தில் அரிசி எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டது போல் ஆகியிருந்தது. போதாக்குறைக்கு, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் மின்கம்பங்களையும் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் ஒன்றாகச் சாய்த்துவிட்டுப் போயிருந்ததால், அடுத்த சில மாத அளவுகள் பள்ளத்தில் கிடந்தன. கணினியில் கோடு போடுபவருக்கு அது தேவை குறைந்த காலம். ஊரில் இருந்தவருக்கு இருட்டில் கிடந்த காலம். ஆகவே, இந்த வேலைக்கு வரும் இளம் பொறியாளர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பதிவான அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஃபீடர் வாரியாக மின்வெட்டு நேரங்களைக் கேட்டு வாங்கி, அந்த நேரங்களை நிரப்பிய பிறகே வளர்ச்சி விகிதத்தில் கை வையுங்கள். புயலோ வெள்ளமோ வந்த மாதங்களைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கூட்டி மதிப்பிடுவதிலும் ஆபத்து உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. குறைத்து மதிப்பிட்டால் மின்வெட்டு வரும், செய்தி வரும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். கூட்டி மதிப்பிட்டு ஒப்பந்தம் போட்டுவிட்டால் எந்த விளக்கும் அணையாது; ஆனால் ஓடாமல் நிற்கும் நிலையத்துக்கும் நிலைக் கட்டணம் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கும். வாங்கிய யூனிட்டுக்கு ஒரு விலை, வாங்கத் தயாராக வைத்திருப்பதற்கு மற்றொரு விலை என்பதே நம் நாட்டில் மின்கொள்முதல் ஒப்பந்தங்களின் அமைப்பு. இரண்டாவது தவறின் சுமை பல ஆண்டுகளுக்குப் பின் கட்டண உயர்வாக வெளிப்படும். அப்போது கையெழுத்திட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். இதனால் அரசு நிறுவனத்தில் இருப்பவர்களின் கை இயல்பாகவே கூட்டி எழுதப் போகும். என் கையும் போயிருக்கிறது. பின்னாளில் ஒரே எண்ணைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, குறைந்த வளர்ச்சி, நடுத்தர வளர்ச்சி, அதிக வளர்ச்சி என மூன்று கோடுகளைப் போட்டு, மூன்றிலும் எந்தப் பணி தேவைப்படுகிறதோ அதை முதலில் தொடங்கலாம் என்று எழுதத் தொடங்கினேன். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. “ஒரு நம்பர் சொல்லுங்க” என்பார்கள்.

இடம் தேடும் கதைக்கு வருகிறேன். கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் ஒரு நிலப்பரப்பைப் பார்த்து வரும்படி எங்கள் மூவரை அனுப்பியிருந்தார்கள். கடல்நீரைக் கொண்டு குளிர்விக்கலாம், நிலக்கரியைக் கப்பலில் இறக்கலாம் என்பது காகிதத்தில் இருந்த சிறப்பு. வருவாய்த் துறையின் நிலக் கணக்கில் பெரும்பகுதி ‘தரிசு’ என்று இருந்தது. நேரில் போனால் பனையும் முந்திரியும் சவுக்கும் நின்றன; மணல் மேடுகளுக்கு இடையே மணிலா கொட்டை போட்டிருந்தார்கள். ஒரு மேட்டின் சரிவில், இடுப்பளவு ஆழத்தில் தோண்டிய ஊற்றில் ஒரு மூதாட்டி சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அலையோசை அங்கே நன்றாகக் கேட்டது.

“ஆயா, இது உப்பு கரிக்காதா?” என்று கேட்டேன்.

சிரட்டையை நீட்டினார். “குடிச்சுப் பாரு தம்பி. கடலு அந்தா கெடக்கு, தண்ணி எப்படி இருக்கு பாரு.”

இளநீர் போல இருந்தது. மணல் மேட்டில் விழும் மழைநீர் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கும் என்பதும், மேட்டைச் சமன்படுத்தினால் அந்தப் படலம் போய்விடும் என்பதும் எனக்குப் புத்தக அறிவாகத் தெரியும். நில அளவைப் படத்தில் அந்த ஊற்றுக்குக் குறியீடு கிடையாது. 2004 சுனாமியின்போது அந்த மேடுகளுக்குப் பின்னால் இருந்த வீடுகள் பிழைத்தன என்றும் ஊரார் சொன்னார்கள். இவற்றை அறிக்கையில் எழுதினேன். அந்த இடம் வேறு காரணங்களுக்காகப் பின்னர் கைவிடப்பட்டது. என் குறிப்பினால்தான் என்று பெருமை பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் அதற்குப் பின் ‘தரிசு’ என்ற சொல்லை நம்பி நான் எந்தப் பரிந்துரையும் எழுதியதில்லை.

உள்நாட்டில் கட்டலாம் என்றால் நன்னீர் வேண்டும். 2015 டிசம்பரில் வெளியான மத்திய அரசின் விதிகளும் பின்னர் வந்த திருத்தமும் புதிய அனல் நிலையங்களுக்கு ஒரு மெகாவாட் மணிக்கு 3 கன மீட்டர் நீர் என்று வரம்பு வைத்தன. கேட்பதற்குச் சிறிய எண். 1,000 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் அது 7.2 கோடி லிட்டர் ஆகிவிடும். கொள்ளிடத்துத் தண்ணீரை வீராணம் ஏரிக்கும், வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்கும் கொண்டு போகும் மாவட்டத்தில், இன்னொரு பங்காளி வருகிறான் என்றால் கூட்டத்தில் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எரிபொருளைப் பற்றிச் சொல்வதானால், தமிழ்நாட்டில் கருப்பு நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து சேர வேண்டும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி காலடியிலேயே கிடக்கிறது. ஆனால் அதில் ஏறத்தாழ பாதி ஈரம் என்பதால் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. குவித்து வைத்தால் தானே புகைந்து தீப்பிடிக்கும். ஆகையால் சுரங்கத்தின் வாசலிலேயே நிலையம் இருந்தாக வேண்டும். ஒரு டன் எடுக்க ஐந்து ஆறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும்; நிலக்கரிப் படிவுக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீர் சுரங்கத் தளத்தைப் பிளந்துகொண்டு வராமலிருக்க இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிலையம் ஒரே இடத்தில் நிற்கும். சுரங்கம் ஆண்டுதோறும் நகரும். எனவே நிலையத்துக்கான நிலம் ஒருமுறை வாங்குவது. சுரங்கத்துக்கான நிலம் நிலையம் மூடப்படும் நாள் வரை வாங்கிக்கொண்டே இருப்பது. திட்ட அறிக்கைகளில் முன்னது ஒரு முழு அத்தியாயம், பின்னது ஒரு பத்தி.

2023 சூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பச்சை நெற்பயிர் நின்ற வயல்களில் நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்தின் பகுதியான பரவனாற்று மாற்றுப்பாதைக்காக இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அந்த ஒற்றைப் பத்திதான் நினைவுக்கு வந்தது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்பது ஒரு தரப்பு. இத்தனை ஆண்டுகளும் நாங்கள்தான் உழுது பயிரிட்டோம் என்பது மறு தரப்பு. இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான். பத்திரத்தில் நிலம் கைமாறும் நாளுக்கும் வயலில் ஏர் நிற்கும் நாளுக்கும் நடுவே இடைவெளி நீள நீள, தந்த இழப்பீடு பழைய விலையாகவும் எழும் கோபம் புதிய கோபமாகவும் இருக்கும். தேவைப்படும் ஆண்டுக்கு நெருக்கமாக, துண்டு துண்டாக, அந்நாளைய விலையில் எடுப்பதற்குப் பணம் கூடுதலாக ஆகும் என்பார்கள். தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆகும் வட்டியை யாராவது பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

எழுதியே காட்டுகிறேன். எடுத்துக்காட்டுக்கு 8,000 கோடி ரூபாயில் 1,000 மெகாவாட் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி 70 பங்கு கடன், 30 பங்கு முதல். கடன் 5,600 கோடி. பெரும்பகுதி செலவாகிவிட்ட கடைசிக் கட்டத்தில் ஓராண்டு தடைபட்டால், 10 விழுக்காட்டு வட்டியில் 560 கோடி சேரும். அது திட்டச் செலவிலேயே ஏறி, ஆண்டுக்கு அறுபத்தைந்து எழுபது கோடியாகப் பல ஆண்டுகள் கட்டணத்தில் கரையும். நிலையம் 70 விழுக்காட்டுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 613 கோடி யூனிட். யூனிட்டுக்குப் பத்துப் பதினொரு பைசா. ஒரு பொத்தானை அழுத்தாமலே ஏறிய விலை இது.

அப்படிப்பட்ட ஒரு தடைக்கு நானே காரணமாக இருந்திருக்கிறேன். உற்பத்தியான மின்சாரத்தை வெளியே கொண்டு வருவதற்கான 230 கிலோவோல்ட் மின்பாதை ஒன்றின் வழித்தட ஆய்வு, சித்திரை மாத வெயிலில் நடந்தது. கடலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஜீப் எங்கு வேண்டுமானாலும் போகும். வரிசையாகக் கோபுர இடங்களைக் குறித்து, ஆய்வறிக்கையில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஒப்பந்தக்காரர் அடித்தளம் தோண்ட வந்தது ஐப்பசியில். மூன்று இடங்களில் இடுப்பளவு தண்ணீர். ஓரிடத்தில் ஓடையே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது வடிகாலு பூமியாச்சே, யாரு தம்பி இங்க குறிச்சது?” என்று கேட்டார். குறித்தவன் எதிரில்தான் நின்றிருந்தேன். அடித்தளத்தின் வடிவமைப்பை மாற்றி, ஒரு கோபுரத்தை நகர்த்தி, நகர்த்திய இடத்துக்காரரிடம் முதலிலிருந்து பேசி முடிக்க அடுத்த சித்திரையும் தாண்டிவிட்டது. கார்த்திகையில் ஒருமுறையாவது போய்ப் பார்க்காத இடத்துக்கு நம் பகுதியில் ஒப்புதல் தரக் கூடாது என்பதை அன்றே குறித்து வைத்தேன். பின்னர் எனக்குக் கீழே பணியாற்றியவர்களுக்கு அது ஒரு தொல்லையாகவே இருந்திருக்கும்.

மின்பாதையைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிலையம் தயாராகி மின்பாதை தயாராகாமல் நிற்பதே நான் அதிகமாகக் கண்ட நோய். 2012-இல் நாம் இருட்டில் இருந்தபோது வடக்கே மின்சாரம் விலைக்குக் கிடைத்தது. கொண்டு வரப் போதிய பாதை இல்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை 2013 டிசம்பர் 31 அன்று இணைந்த பிறகுதான் தென்னகத்து மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதியோடு ஒன்றாகத் துடிக்கத் தொடங்கியது. பல நிலையங்களுக்கு ஈடான ஒரு கம்பி அது.

ஆனால் கம்பி யாரோ ஒருவரின் தோப்பின் மேல்தான் போக வேண்டும். 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் வேண்டும்; பத்துக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 114 ஏக்கர். இந்த நிலத்தைச் சட்டப்படி யாரும் வாங்குவதில்லை. 2015-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், கோபுரத்தின் அடி நிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் தரச் சொன்னது. 2024-இல் அவை 200 ஆகவும் 30 ஆகவும் உயர்த்தப்பட்டன. இந்த வழிகாட்டுதல்களுக்கு முந்தைய காலத்தில், பண்ருட்டிக்குத் தெற்கே ஒரு முந்திரித் தோப்பில் மரத்துக்கான இழப்பீட்டுப் பட்டியலை உரிமையாளரிடம் படித்துக் காட்டினேன். தானே புயலுக்குப் பின் புதிதாக வைத்த கன்றுகள் அவை; அந்த ஆண்டுதான் முதன்முதலாகப் பூத்திருந்தன. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “மரத்துக்குப் பணம் குடுக்கறீங்க சார், சரி. அடுத்த மரம் வெக்க விட மாட்டீங்களே, அதுக்கு என்ன போட்டிருக்கீங்க?” பட்டியலில் அதற்கு வரி இல்லை. அவர் வழியை மறிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஒவ்வொரு கோபுரத்திலும் யாராவது ஒருவர் கேட்டார்கள். பதில் இல்லாத இடத்தில் வழக்கு வந்தது. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே, நிலைய மதிப்பீட்டிலேயே மின்பாதை இழப்பீட்டைத் தாராளமாகச் சேர்த்துவிடுவது நல்லது என்று நான் பிடிவாதமாக எழுதியதற்கு அந்த முந்திரிக்காரர்தான் காரணம்.

சூரிய மின்சாரம் வந்த பிறகு இந்தச் சிக்கல்கள் தீர்ந்துவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். வேறு சிக்கல் வந்தது. 2014-இல் தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்துக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய், 2017-இல் 1,500 மெகாவாட்டுக்கு நடந்த ஏலத்தில் அது 3.47 ரூபாய்க்கு வந்துவிட்டது. முன்னதாக ஒப்பந்தம் போட்டவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஏழு ரூபாய் தர வேண்டும். காத்திருந்தவருக்கு விலை பாதியானது, ஆனால் காத்திருந்த காலத்தில் மின்சாரம் இல்லை. இதில் எது சரி என்று பின்னால் நின்று சொல்வது எளிது. முழுத் தேவையையும் ஒரே ஆண்டில், ஒரே விலையில் பூட்டிவிடாமல், ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே அரசு நிறுவனத்துக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து. தேர்தல் கால அறிவிப்புகளுக்கு அது ஒத்துவராது என்பதும் தெரியும்.

அடுத்தது நேரம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நண்பகலில் சூரிய மின்சாரம் தேவையில் கணிசமான பங்கைத் தாங்கும். மாலை ஆறரைக்குச் சூரியன் விழுந்த பின்னும் வீட்டுச் சுவர்கள் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம், சமையலறை எல்லாம் ஒன்றாக ஓடும். தென்மேற்குக் காற்று கணவாய்கள் வழியாக மே மாதத்தின் பிற்பகுதியில்தான் வலுக்கும். ஆகவே பங்குனி, சித்திரை மாலைகளில் சூரியனும் இல்லை, காற்றும் இல்லை. ஆண்டு முழுவதற்குமான யூனிட்டைக் கூட்டினால் மிச்சம் காட்டும் திட்டம், அந்த இரண்டு மாதங்களின் நான்கு மணி நேரத்தில் கையை விரிக்கும். ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 துண்டுகளாக வெட்டித்தான் இன்று மின்சாரம் கணக்கிடப்படுகிறது. புதிய நிலையத்தைத் திட்டமிடுவோரும் அப்படித்தான் கேட்க வேண்டும். இந்த இடத்தில்தான் கடம்பாறை நினைவுக்கு வருகிறது. 1987-இல் ஆனைமலையில் இயங்கத் தொடங்கிய 400 மெகாவாட் நீரேற்று நிலையம், மிச்சமிருக்கும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டிய நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் தருவது. முன்பு நள்ளிரவில் ஏற்றுவார்கள். இனி நண்பகலில் ஏற்றலாம். அதற்குப் பின் நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அடுத்த நீரேற்று நிலையத்தைக் கையில் எடுப்பதற்குள் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் ஓய்வு பெற்றுவிட்டோம்.

புதுச்சேரியின் நிலை இன்னும் நெருக்கடியானது. சொந்த உற்பத்தி என்று சொல்லிக்கொள்ள, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் காரைக்காலின் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றுதான். மீதி முழுவதும் வெளியிலிருந்து வரும் பங்கு. அந்தப் பங்கு நாள் முழுவதும் ஒரே சீராக வரும். கடற்கரைச் சாலை விடுதிகளின் தேவை மாலையில் எழும்பும். கட்டுவதற்கு இடமில்லாத ஊருக்குத் திட்டமிடுதல் என்பது ஒப்பந்தம் போடுவதுதான். மாலை நேரத்துக்கு மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்கும்படி அங்கே பணியாற்றும் நண்பர்களிடம் சொல்லி வருகிறேன்.

சென்ற மாதம் பண்ருட்டிப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போனபோது, அந்தப் பழைய துணை மின்நிலையத்தில் நின்றேன். லாக் ஷீட் இல்லை. திரையில் எண்கள் தாமாகவே வந்து விழுகின்றன. பொறுப்பில் இருந்த இளம் உதவிப் பொறியாளர் ஆர்வமாக எல்லாவற்றையும் காட்டினார். முந்தைய வாரம் ஒரு ஃபீடர் மாலையில் இரண்டு மணி நேரம் பழுதுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அந்த நேரத்துக்கு என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன்.

“சைபர்னு விழும் சார்” என்றார். சற்று யோசித்து, “ஏன் சார், அந்த நேரத்துல லோடு இல்லையே?” என்று கேட்டார்.

பையில் காகிதம் இல்லை. திருமண அழைப்பிதழின் பின்புறத்தில் பேனாவால் மூன்று பத்திகள் கோடு போட்டேன்.